இணைப்பி ஏட்டில் இடப்பெயர்கள்

சென்ற பருவத்தேர்வு நடந்த வாரத்தில், வெள்ளிக்கிழமை வைகறையில், எம் விடுதிக் குழாய்கள் அனைத்தும் வறண்டு கிடந்தன. மாடித் தொட்டியில் நீர் குறையுங்கால் தானே மோட்டாரை ஓட்டி, நிறைந்தவுடன் தானே நிறுத்தும் சிறு கருவியொன்றை, கணிப்பொறியியல் பயிலும் எம் அறைத்தோழர் திங்கள் நண்பகலில் அங்கே பொருத்தியிருந்தார். மூன்று நாள் அது பழுதின்றிப் பணிசெய்தது. நள்ளிரவில் எழுந்து சுவிட்சைத் தேடும் தொல்லை ஒழிந்ததென விடுதிக் காவலரும் மகிழ்ந்தார். வியாழன் இரவில் அஃது ஓசையின்றி நின்றுவிட்டது. தேர்வெழுதச் செல்லவேண்டிய மாணவர் வாளியும் கையுமாய்க் கிணற்றடியில் வரிசையிட்டு நின்றனர். அன்று எம் தோழர் பெற்ற வசைமொழிகளை இம்மலரில் அச்சேற்றுதல் தகாது.

பழுதைத் தேடிய அன்று மாலை யாமும் உடனிருந்தோம். தமிழ் பயில்வார்க்கு அங்கே என்ன வேலையென்று அன்பர் சிலர் நகைக்கலாம். ஆயினும் பழுது மின்கம்பியில் இல்லை, மோட்டாரிலும் இல்லை, ஒரு பெயருக்குப் பொருள்கொண்ட முறையில் இருந்தது. பெயரும் பொருளும் பற்றிய வழக்காயின் எமக்கும் அதில் ஒரு சொல் உண்டன்றோ?

முதற்கண், அப்பெயர் எழுதப்பட்டிருந்த ஏடு இன்னதென்று கூறவேண்டும். சி மொழியில் அமையும் நிரல் பெரும்பாலும் பல ஏடுகளாகப் பிரித்தே எழுதப்படும். கம்பைலர் என்னும் மொழிமாற்றி அவற்றைத் தனித்தனியே பொறிமொழி ஆக்கும். ஓரேட்டிலுள்ள பகுதி மற்றோரேட்டிலுள்ள மாறியை வேண்டும்போது, அம்மாறி நினைவகத்தில் எவ்விடத்து அமையும் என்பதனைக் கம்பைலர் அறியாது. 'இப்பெயருடையது எங்கோ உளது; அதன் முகவரியைப் பின்னர் எழுதிக்கொள்க' என்று குறித்து, வெற்றிடம் விட்டுச் செல்லும். அவ்வெற்றிடங்களை நிரப்புவதே லிங்கர் என வழங்கும் இணைப்பியின் தொழில். அது துண்டுகளையெல்லாம் ஒன்றுகூட்டி, ஒவ்வொன்றுக்கும் இடம் வகுத்து, பெயர்தோறும் முகவரி குறித்த பட்டியலொன்றை உண்டாக்கும். அப்பட்டியலில் ஏறும் பெயர்களைச் சிம்பல் என்பர். யாம் அவற்றைக் குறிப்பெயர் என்று வழங்குவோம்.

எதனை எங்கே வைப்பது என்று இணைப்பிக்கு ஆணையிடும் ஏடும் ஒன்று உண்டு. லிங்கர் ஸ்கிரிப்ட் என்பது அதுவே. மேசைக் கணிப்பொறிக்கு நிரலெழுதுவோர் அதனைக் கண்ணாலும் காணார். இணைப்பி தன்னிடம் உள்ள ஆயத்த ஏட்டைக்கொண்டே காரியத்தை முடித்துவிடும். சிறு சில்லுகளுக்கு எழுதுவோர்க்கு அவ்வசதி இல்லை. தோழர் கருவியில் இருந்தது எஸ்.டி.எம்.32 வகைச் சில்லு. அதில் நிரல் நிலையாய்த் தங்கும் ஃபிளாஷ் நினைவகம் 64 கிலோபைட்டு. மாறும் தரவுகளுக்கான ராம் நினைவகம் 20 கிலோபைட்டு. முன்னது பதினாறன்மான எண்முறையில் 08000000 என்னும் முகவரியிலும், பின்னது 20000000 என்னும் முகவரியிலும் தொடங்குகின்றன. இவற்றையெல்லாம் ஏட்டில் எழுதியாக வேண்டும். தோழர் கையாண்டது குனூ திட்டத்தார் வழங்கும் எல்டி என்னும் இணைப்பி. அதன் ஏட்டுமொழி ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தாரின் பழைய இணைப்பி மொழியை உள்ளடக்கி விரிந்தது.

அவ்வேட்டில் ஒரு குறிப்பெயருக்கு மதிப்பிடுதல் மிக எளிது. உண்மை ஏட்டில் ரோமன் எழுத்திலிருந்த பெயர்களை விளக்கத்தின்பொருட்டுத் தமிழாக்கித் தருகின்றோம்.

பதிவளவு = 200;

இவ்வளவே. இறுதியிலுள்ள அரைப்புள்ளி இன்றியமையாதது. கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் வகுத்தலும் இங்கே செல்லும். கழித்தற் குறிக்கு இருபுறமும் இடைவெளி விடுதல் நன்று. ஏனெனில் இவ்வேட்டில் பெயரினுள்ளேயே அக்கோடு வரலாம். நெருக்கி எழுதினால் இரு பெயர்களின் கழித்தலை இணைப்பி ஒரு தனிப்பெயராகவே படிக்கும். புணர்ச்சியால் பொருள் மாறுபடுதலை நாள்தோறும் காணும் எமக்கு இது வியப்பன்று.

இவ்வேட்டின் உயிர்நாடி ஒரு புள்ளி. தனித்து நிற்கும் புள்ளி, 'இப்போது நாம் நிற்கும் முகவரி' என்று பொருள்படும். சங்கிலி பிடித்து நிலமளந்து செல்லும் அலுவலரை நினைத்துக்கொள்க. இணைப்பி ஒவ்வொரு துண்டையும் கிடத்துந்தோறும் புள்ளி அத்துண்டின் நீளம் முன்னேறும். வேண்டுமிடத்தில் ஒரு பெயரை அப்புள்ளிக்குச் சமமாக்கினால், அவ்விடத்தில் எல்லைக்கல் நட்டதாகும். புள்ளிக்கே மதிப்பிட்டால், அளப்பவர் அத்தனை அடி தாண்டிச் சென்றதாகும். தாண்டிய நிலம் வெறுமையாய்க் கிடக்கும். ஒரு பிரிவினுள்ளே முன் செல்லலாமேயன்றிப் பின்வாங்குதல் ஆகாது. பிரிவுக்கு வெளியேயும், ஒதுக்கிய இடங்கள் ஒன்றன்மேலொன்று விழுமாயின் இணைப்பி இசையாது.

நீர்மட்டத்தை நிமிடத்திற்கொருமுறை பதிந்துவைக்கத் தோழர் 200 பைட்டு இடம் ஒதுக்க விரும்பினார். பதிவொன்றுக்கு 4 பைட்டாக 50 பதிவுகள் அதில் அடங்கும். தரவுகள் எல்லாம் முடிந்த இடத்தில் அவர் எழுதியது பின்வருமாறு:

பதிவுத்தொடக்கம் = .;
. = . + பதிவளவு;
பதிவுமுடிவு = .;

இதுகாறும் குற்றமில்லை. முதற்கல் நட்டார், 200 பைட்டு தாண்டினார், மறுகல் நட்டார். இடம் நிறைந்தவுடன் பழைய பதிவுகளின்மேல் மீண்டும் முதலிலிருந்து எழுதவேண்டும். எனவே சி மொழி ஏட்டில் 'பதிவளவு வேறோரிடத்து உளது' என்று அறிவித்து, பதிந்த பைட்டுகளின் தொகை பதிவளவை எட்டினால் தொடக்கத்திற்குத் திரும்புக என்று ஆணையிட்டார். கம்பைலர் ஒரு குறையும் கூறவில்லை, இணைப்பியும் கூறவில்லை.

பழுது தேடிய மாலையில், சில்லு அப்பெயருக்கு என்ன மதிப்புக் கொண்டுள்ளதென்று திரையில் அச்சிட்டுப் பார்த்தார். 200 வரவில்லை. 13 கோடியே 42 லட்சத்திற்கு மேற்பட்ட பேரெண் ஒன்று வந்தது. மீளவும் பார்த்தார், அதுவே வந்தது. 'ஏட்டில் 200 என்று கண்முன்னே எழுதியிருக்கின்றதே!' என்று தலையிலடித்துக்கொண்டார். எமக்கு வேறொன்றும் தோன்றாமையின், ஏட்டிலுள்ள எண்களைக் காகிதத்தில் ஒவ்வொன்றாய்ப் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். பதினாறன்மான 08000000 நம் வழக்கப்படி 13,42,17,728 ஆயிற்று. திரையில் நின்ற எண் அதனினும் சிறிதே மிகுந்தது. எனவே அது தொகையன்று. ஃபிளாஷ் நினைவகத்தில் ஓரிடத்தின் முகவரி. அளவு கேட்ட இடத்தில் முகவரி வந்தது எங்ஙனம்?

சி மொழியில் ஒரு மாறியைப் படைத்து அதற்கு 200 என மதிப்பிட்டால் இரண்டு நிகழ்கின்றன. நினைவகத்தில் அதற்கென இடம் ஒதுக்கப்பட்டு, அவ்விடத்தில் 200 வைக்கப்படும். இணைப்பியின் பட்டியலிலோ அப்பெயருக்கு நேரே அவ்விடத்தின் முகவரி எழுதப்படும். 200 என்னும் எண் பட்டியலில் இராது. இணைப்பி ஏட்டில் மதிப்பிடுங்கால் நிகழ்வது ஒன்றே. பட்டியலில் பெயருக்கு நேரே 200 எழுதப்படும். நினைவகத்தில் ஒரு பைட்டும் அதற்கென ஒதுக்கப்படாது. ஒரே வடிவுடைய வாக்கியம், ஒரே சமக்குறி, பொருளோ வேறு. பட்டியலில் உள்ள எண்ணை முகவரியென்றே கம்பைலர் கருதும். ஆதலின் பதிவளவு என்று கண்டவுடன் சில்லு 200ஆம் முகவரிக்குச் சென்று, அங்கே இருந்ததை எடுத்து வந்தது.

அங்கே இருந்தது யாதெனின், இச்சில்லு ஃபிளாஷிலிருந்து தொடங்குங்கால் ஃபிளாஷின் தலைப்பகுதி சுழி முதலான முகவரிகளிலும் காட்சிதரும். அத்தலைப்பகுதியில், எந்தக் குறுக்கீடு நேர்ந்தால் நிரலின் எப்பகுதிக்குச் செல்லவேண்டும் என்னும் முகவரி வரிசை ஒன்று உண்டு. 200ஆம் முகவரி அவ்வரிசைக்குள் வீழ்ந்தது. தோழர் நீரின் பதிவளவு கேட்டார். சில்லு குறுக்கீட்டுப் பகுதியின் இருப்பிடத்தை விடையாய்த் தந்தது.

நன்னூல் பயின்றார்க்கு ஆகுபெயர் புதிதன்று. 'ஊர் உறங்கிற்று' என்றவழி உறங்கியவை மண்ணும் சுவரும் அல்ல. அங்கு வாழும் மக்களே. இடத்தின் பெயர் இடத்துள்ளாரைக் குறித்து நின்றமையின் அஃது இடவாகுபெயர். 'ஊர் ஆற்றின் வடகரையில் உளது' என்றவழியோ அப்பெயர் இடத்தையே குறித்து இயல்பாய் நின்றது. சி மொழியில் வெறுமனே எழுதப்படும் மாறிப்பெயர், தான் மதிப்பைப் பெற்றுக்கொள்ளும் இடப்பக்கத்தில் நிற்றலை விடுத்துப் பிறவிடங்களிற் பெரும்பாலும், ஆகுபெயராகவே கொள்ளப்படும்: பெயர் இடத்திற்குரியது, பொருளோ அவ்விடத்தில் இருப்பது. இணைப்பி ஏட்டிலுள்ள பெயர் ஒருபோதும் ஆகுபெயர் ஆகாது. அங்கே ஊர் என்றால் ஊர் இருக்குமிடமே. இரு மொழிகளும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்கின்றன, இலக்கணத்தைப் பகிர்ந்துகொள்ளவில்லை. தோழர் ஒரு மொழியில் இயற்பெயராய் எழுதியதை மற்றொரு மொழியில் ஆகுபெயராய்ப் படித்துவிட்டார்.

இதனை யாம் கூறியபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர்த் தாமே நாள்கணக்கை எழுதிக் காட்டினார். 13 கோடிப் பைட்டு இடம் உளதென்று நம்பிய நிரல் 50 பதிவுகளோடு நில்லாது மேன்மேலும் எழுதிச் சென்றது. 20 கிலோபைட்டு என்பது 20,480 பைட்டு. நிமிடத்திற்கு 4 பைட்டு வீதம் அது முழுதும் நிரம்ப 5,120 நிமிடம், அதாவது 3 நாளும் 13 மணி 20 நிமிடமும் செல்லும். மற்றைத் தரவுகள் கொண்ட இடத்தைக் கழித்தால் இன்னும் சிறிது குறையும். நினைவகத்தின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி வளர்வது ஸ்டாக் என்னும் அடுக்கு. நிரல் ஒரு பணியை முடித்தபின் எங்கே திரும்பவேண்டும் என்னும் குறிப்புகள் அதிலுள்ளன. கீழிருந்து மேலேறிய நீர்மட்டப் பதிவுகள் அவ்வடுக்கைத் தொட்ட கணத்தில் நிரல் திரும்பும் வழியை இழந்தது. திங்கள் நண்பகலுக்கு மூன்றரை நாள் கூட்டினால் வியாழன் நள்ளிரவு. கருவி அதற்குச் சற்று முன்னரே நின்றிருக்கவேண்டும். மேசைமீது ஒருமணி நேரம் ஓட்டிப் பார்த்த சோதனையில் இப்பழுது வெளிப்படாமையும் இதனாலேயே.

மருந்து ஓரெழுத்தளவே. சி மொழியில் பெயருக்கு முன் & என்னும் குறியை இட்டால், 'இருப்பதைத் தாராதே; இடத்தைத் தா' என்று பொருள். &பதிவளவு என்பதன் விடை 200. அளவின் முகவரி என்று படிக்குங்கால் நகைப்பு வருவது இயல்பே. அளவுக்கு முகவரி ஏது? ஆயினும் அச்சில்லைச் செய்வோர் வழங்கும் மாதிரி நிரலிலும், அடுக்குக்கென ஒதுக்கிய சிற்றளவை அறிய இம்முறையே கையாளப்படுகின்றது. பதிவளவு என்னும் பெயரை விடுத்து, இரு எல்லைக்கற்களின் முகவரிகளை ஒன்றிலிருந்தொன்று கழித்தும் அளவு பெறலாம். எம் நோக்கில் அதுவே செவ்விது. கல்லுக்கு முகவரி உண்மையாகவே உண்டு.

இத்தடுமாற்றம் எம் தோழரோடு தொடங்கியதன்று. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் கையேட்டில் எண்ட், ஈடேட்டா, ஈடெக்ஸ்ட் என்னும் மூன்று பெயர்கள் விளக்கப்பட்டுள்ளன. நிரலின் கட்டளைப் பகுதியும், தொடக்க மதிப்புள்ள தரவும், மதிப்பில்லாத் தரவும் முடியும் எல்லைகளை இவை காட்டும். அவ்விடங்களில் இருப்பது கருதத்தக்கதன்று, முகவரியே பயன்படுவது என்று அக்கையேடு அன்றே எச்சரித்தது. மதிப்பில்லாத் தரவுப் பகுதிக்கு வழங்கும் பி.எஸ்.எஸ். என்னும் பெயர் அதனினும் பழையது. 1950களின் நடுவில் ஐ.பி.எம். 704 பொறிக்கென யுனைட்டெட் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் அமைத்த அசெம்பிளரில், 'குறிப்பெயரில் தொடங்கும் கட்டம்' என்னும் பொருளுடைய சொற்றொடரின் முதலெழுத்துகளாய் அது தோன்றிற்று. வெற்றிடத்தின் வாயிலில் பெயர்ப்பலகை மாட்டும் வழக்கம் அத்துணைத் தொன்மையது.

ஈடெக்ஸ்ட் போன்ற பெயரால் ஓர் இடர் உண்டு. நிரலெழுதுவோர் ஒருவர் தம் சார்பொன்றுக்கும் அப்பெயரை இட்டுவிட்டால் என்செய்வது? சி மொழியின் நியதிப்படி அவருக்கு அவ்வுரிமை உண்டு. இதன்பொருட்டு ப்ரொவைட் என்னும் ஆணை உளது. அதனுள் வைத்து மதிப்பிட்ட பெயரை நிரல் வேண்டியிருந்து, வேறு யாரும் படைக்காதிருந்தால் மட்டுமே இணைப்பி அதனைப் பட்டியலில் ஏற்றும். விருந்தினர் தம் குடையைக் கொண்டுவந்திருந்தால் வீட்டுக்குடை மூலையிலேயே இருக்கும். பிரிவுக்குள் நட்ட பெயர் அப்பிரிவோடு நகரும், வெளியே வெற்றெண்ணாய் இட்ட பெயர் நகராது என்பதும் அறியத்தக்கது. அதனை இங்கே விரிப்பின் பெருகும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் இவற்றின் பெரும்பயனைக் காணலாம். பொறி தொடங்கும்போது ஒருமுறை மட்டும் வேண்டப்படும் கட்டளைகளும் தரவுகளும் ஒரு பகுதியில் திரட்டி வைக்கப்படுகின்றன. அதன் இருபுறமும் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் இரு குறிப்பெயர்கள் இணைப்பி ஏட்டில் நடப்படுகின்றன. தொடக்கவேலை முடிந்தவுடன் கரு அவ்விரு கற்களுக்கிடைப்பட்ட நிலத்தை மீட்டுப் பிற பணிகளுக்கு வழங்கிவிடும். கல் பிழையான இடத்தில் நடப்பட்டால் ஆளிருக்கும் வீட்டை இடிப்பதாய் முடியும்.

அக்கருவிலேயே எம்மைப் பெரிதும் கவர்ந்த வரி வேறொன்று. பொறி தொடங்கியதிலிருந்து கடிகாரத் துடிப்புகளை எண்ணிவரும் மாறிக்கு ஜிஃபீஸ் என்று பெயர். நொடிக்கு 1000 துடிப்பு எண்ணினால் 32 பிட்டு எண் 50 நாள் ஆகுமுன் நிரம்பிவிடும். ஆதலின் ஜிஃபீஸ்64 என்னும் 64 பிட்டு எண்ணும் வேண்டும். இரண்டையும் தனித்தனியே எண்ணாது, பெரிய எண்ணின் கீழ்ப்பாதியையே சிறிய எண்ணாகக் கொள்கின்றனர். எண்ணின் உயர்பகுதியை முன்வைத்து எழுதும் 32 பிட்டு எம்.ஐ.பி.எஸ். பொறிகளுக்கான இணைப்பி ஏட்டில் இது காணப்படும்:

ஜிஃபீஸ் = ஜிஃபீஸ்64 + 4;

சி மொழி கற்றவர் கண்ணுக்கு இது பெரிய எண்ணுடன் நான்கு துடிப்பைக் கூட்டியதாய்த் தோன்றும். அங்ஙனமன்று. எட்டுப் பைட்டு கொண்ட வீட்டின் முகவரியிலிருந்து நான்கு பைட்டு தள்ளி நிற்கும் அறைக்கு ஒரு தனிப்பெயர் சூட்டியதே இவ்வரி. பொறி ஓடுங்கால் இங்கே ஒரு கூட்டலும் நிகழ்வதில்லை. பெயர் ஒன்று பட்டியலில் ஏறியதோடு சரி. கீழ்ப்பகுதியை முன்வைத்து எழுதும் பொறிகளுக்கோ நான்கும் வேண்டா. இரு பெயரும் ஓரிடத்தையே குறிக்கும். நிகண்டிற் காணும் ஒருபொருட் பல்பெயரை இதனோடு ஒப்பிட எண்ணினோம். நிகண்டுப் பெயர்கள் முழுப்பொருளையும் குறிக்க, இங்கே ஒரு பெயர் பாதியையே குறிப்பதால் அவ்வொப்புமை முற்றும் பொருந்தவில்லை.

அக்கருவை எழுதுவோர் இத்தகைய எல்லைப் பெயர்களைச் சி மொழியில் மாறியாக அறிவிப்பதில்லை. அளவு குறியாத எழுத்துநிரையாக, வெற்றுப் பகரவடைப்புடன் அறிவிக்கின்றனர். நிரையின் பெயர் சி மொழியிலும் அதன் இடத்தையே குறிக்கும்; ஆதலின் & குறியை மறந்தாலும் தீங்கில்லை. எம் தோழர் இதனைக் கேட்டதும் தம் ஏட்டைத் திறந்து மூன்று பெயர்களையும் அங்ஙனமே மாற்றினார். மறுநாள் கருவியை மீண்டும் மாடிக்கு ஏற்ற விடுதிக் காவலர் எளிதில் இசையவில்லை. நான்கு நாள் முழுதும் அறையிலேயே ஓட்டிக் காட்டிய பின்னரே இசைந்தார். ஐந்தாம் நாள் சிற்றாலய மணி அடிக்குமுன் யாமும் உடன்சென்று அதனைப் பொருத்தினோம். அவ்வேட்டில் பதிவளவு என்னும் பெயரை அறிவிக்கும் வரியின் ஓரத்தில், கம்பைலர் படியாது விடும் குறிப்பாக, தோழர் தமிழில் இரு சொற்கள் எழுதிவைத்துள்ளார்: 'ஆகுபெயர் அன்று.'